டிஜிட்டல் ஓவியத்தைப் பார்ப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிஜிட்டல் ஓவியர் ஒருவரின் படைப்புகளை வெகுநாளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். எல்லாமே பிடிக்கிறது. ஆனால் 'அருமை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. எதைப் பார்க்க வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பெரிதாக்கிப் பார்ப்பதில் தொடங்காதீர்கள். ஓவியம் திரைக்கு வந்ததும் இரண்டு விரலால் விரித்து இமை முடியை ஆராய்வது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். அந்த அளவிலும் எது முக்கியம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது பிடிபட வேண்டும். தேர்ந்த ஓவியர் இருளையும் வெளிச்சத்தையும் மூன்று நான்கு பெரிய திட்டுகளாகத் திரட்டி வைத்திருப்பார். மற்ற நுணுக்கமெல்லாம் அந்தத் திட்டுகளுக்குள் அடங்கி நிற்கும். சுருக்கியதும் படம் பொடிப்பொடியாகச் சிதறித் தெரிந்தால் அந்த அடித்தளம் விழவில்லை என்று பொருள். அதற்குமேல் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் படம் நிமிராது.

அடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சில செயலிகளில் நிறச்செறிவைப் பூஜ்யமாக்கினால் முழு மஞ்சளும் முழு நீலமும் ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் அங்கே நடக்கும் கணக்கு. நம் கண்ணுக்கு மஞ்சள் பளிச்சென்றும் நீலம் இருண்டும் தெரியும். திரை வெளிச்சத்தின் பிரகாசத்தில் பச்சைக்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 என்பதே சரியான பங்கு. ஃபோட்டோஷாப், க்ரிட்டா போன்ற ஓவியச் செயலிகளில் படத்துக்கு மேல் ஒரு லேயர், அதாவது கண்ணாடித்தாள் போன்ற தனி அடுக்கு சேர்த்து, அதில் கருப்பை நிரப்பி, அது கீழுள்ள படத்தோடு சேரும் விதமான கலப்பு முறையை 'கலர்' என்று வைத்தால் நம்பத்தகுந்த சாம்பல் கிடைக்கும்.

ஜன்னலோரம் மாலை வெயிலில் ஒரு பெண் புத்தகம் படிக்கும் ஓவியம் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய சிவப்புச் சால்வையும் பின்னாலிருக்கும் பச்சைத் திரைச்சீலையும் நிறத்தில் ஒன்றோடொன்று மோதுகின்றன. கருப்பு வெள்ளையில் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல். ஓவியர் நிறத்தால் பிரித்து, பிரகாசத்தால் சேர்த்திருக்கிறார். வேண்டுமென்றே செய்ததா, கவனக்குறைவா? முகத்தைப் பாருங்கள். படத்திலேயே கூர்மையான இருள்-வெளிச்ச வேறுபாடு முகத்தில்தான் இருக்கிறது என்றால், சால்வையும் திரைச்சீலையும் அதற்காகவே அடக்கப்பட்டவை.

மூன்றாவது, விளிம்பு. டிஜிட்டல் ஓவியத்தை ரசிப்பதில் மிகப் பெரிய சுவை இங்கேதான் என்பது எங்கள் எண்ணம். அதே பெண்ணின் முகத்தை நிதானமாகச் சுற்றி வாருங்கள். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் கோடே இருக்காது. கன்னமும் பின்னணி வெளிச்சமும் ஒன்றில் ஒன்று கரைந்திருக்கும். தாழ்ந்த மேலிமையின் ஓரம் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். நிழல் பக்கத்துத் தோள் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு, எங்கே முடிகிறது என்றே தெரியாது. கண் தானாக இமைக்குப் போய் நிற்கிறது. எண்ணெய் வண்ணத்தில் ஈரமும் துணியின் சொரசொரப்பும் சில விளிம்புகளைத் தாமாகவே மென்மையாக்கிவிடும். திரையில் அந்த உதவி இல்லை. சாதாரண பிரஷ் எல்லா இடத்திலும் ஒரே கூர்மையைத் தரும், ஏர்பிரஷ் எல்லா இடத்திலும் ஒரே மங்கலைத் தரும். ஆகவே ஒரு டிஜிட்டல் ஓவியத்தில் விளிம்புகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன என்றால் ஒவ்வொன்றும் கையால் முடிவு செய்யப்பட்டது.

பிறகு நிறம். கலர் பிக்கர் என்ற கருவியை எடுத்து நிழலில் இருக்கும் வெள்ளைச் சட்டையைத் தொடுங்கள். வெள்ளையாக இருக்காது, நீலம் கலந்த நடுத்தரச் சாம்பலாக இருக்கும். முகவாய்க்கட்டைக்கு அடியில் தொட்டால், புத்தகத் தாளில் பட்டுத் தெறித்த வெளிச்சம் இளமஞ்சளாகச் சிக்கும். இப்படி ஐந்தாறு இடங்களைத் தொட்டு, 'என்ன நிறம் என்று நினைத்தேன், என்ன நிறம் வந்தது' என்று ஒப்பிட்டாலே அந்த ஓவியரின் நிறப்புத்தி புலப்படத் தொடங்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் 100 சதவீத அளவுக்குப் போய் பிரஷ் தடங்களைப் பார்க்க வேண்டும். எங்கே தடம் அடர்த்தி, எங்கே நான்கே வீச்சில் விட்டுவிட்டார் என்று தேடுங்கள். நான்கு வீச்சில் ஒரு கை கையாகத் தெரிந்தால் அங்கே நின்று பாருங்கள். ஓவியருக்கு எழுத வேண்டுமானாலும் அதையே எழுதலாம்: 'கன்னத்தின் விளிம்பைக் கரையவிட்டு இமையில் மட்டும் கூர்மை வைத்திருக்கிறீர்கள், பார்வை நேரே அங்கே போகிறது.' அப்படி ஒரு வரி வந்தால் எந்த ஓவியருக்கும் அன்றைக்கு மனம் நிறையும்.

கேள்வி: ஒரே ஓவியம் என் போனில் பளபளக்கிறது, கணினியில் சோர்ந்து தெரிகிறது. ஓவியர் உண்மையில் தீட்டியது எது?

பதில்: அநேகமாக இரண்டுமே இல்லை. ஆனால் நெருங்கிப் போகலாம். போனில் முதலில் மூன்றை அணையுங்கள்: தானாக மாறும் திரை வெளிச்சம், இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் வசதி, சுற்றுப்புற ஒளிக்கேற்ப வெள்ளையை மாற்றும் வசதி. சில போன்களில் 'விவிட்' என்றொரு நிற அமைப்பு இருக்கும். அதை 'நேச்சுரல்' என்று மாற்றுங்கள். சோர்ந்து தெரிவதாக நீங்கள் சொல்லும் கணினித் திரை பழைய மலிவு ரகமாக இருந்தால், கொஞ்சம் மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்த்தாலே இருட்டுப் பகுதி சாம்பலாகும். நேர் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் நிறவெளி, அதாவது ஒரு கோப்போ திரையோ காட்டக்கூடிய நிறங்களின் எல்லை. இணையத்தில் பெரும்பாலான படங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற அளவுக்குள் இருக்கும். புதிய போன்களும் டேப்லெட்களும் அதைவிட அகலமான பி3 நிறவெளியைக் காட்டக்கூடியவை. ஓவியர் பி3-யில் தீட்டிய ஆரஞ்சை எஸ்ஆர்ஜிபி திரையில் பார்த்தால் அதன் வீரியம் குறையும். கோப்பிலிருந்து நிறவெளிக் குறிப்பு கழன்றுபோயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். திரை எண்களைத் தவறாகப் படித்து எல்லா நிறத்தையும் வெளிறச் செய்துவிடும்.

சமூக வலைதளங்கள் படத்தைச் சுருக்கி, ஜேபெக் என்ற கோப்பு வகையாக அழுத்தும்போதும் சேதம் நடக்கிறது. ஜேபெக் படத்தை 8 பிக்சலுக்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. பிரகாசத்தைவிட நிறத் தகவலை அதிகமாக வெட்டிவிடும். இருண்ட பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடுகள் கலங்கித் தெரிவது அதனால்தான். ஓவியரின் சொந்தத் தளத்திலோ தொகுப்புத் தளத்திலோ பெரிய கோப்பு இருந்தால் அதையே திறந்து பாருங்கள்.

கேள்வி: ஓவியங்களில் இருண்ட வானம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிகிறதே, அதுவும் இதே காரணமா?

பதில்: பாதி. 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். வானம் 20 என்ற அளவிலிருந்து 40 வரை 2,000 பிக்சல் தூரத்துக்கு மெல்ல வெளுக்கிறது என்றால், நடுவில் கிடைப்பது 20 படிகள். ஒவ்வொரு படியும் 100 பிக்சல் அகலம். கண் அதைக் கண்டுபிடித்துவிடும். விவரம் தெரிந்த ஓவியர்கள் 16 பிட்டில் வேலை செய்துவிட்டு, கடைசியில் மெல்லிய மணற்பொடி போன்ற புள்ளிகளைத் தூவி வெளியிடுவார்கள். அதற்குப் பிறகும் பட்டை தெரிந்தால் அழுத்திச் சுருக்கிய தளத்தின் வேலை.

கேள்வி: 'எல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது, இதில் என்ன திறமை' என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: மென்பொருள் செய்வதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். நடுங்கும் கோட்டை நேராக்கும். தப்பிய வீச்சைத் திரும்ப எடுக்கும். லேயர்களைத் தனித்தனியாக வைத்திருக்கும். வண்ணம் காயக் காத்திருக்க வேண்டாம். இவை நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. எங்கே வெளிச்சம் விழ வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதில் அதற்குப் பங்கில்லை.

சில இடங்களில் வேலையை அது கூட்டவும் செய்கிறது. வீட்டில் கேட்பவர்களுக்கு ஒரு சோதனை செய்து காட்டுங்கள். சாதாரண ஓவியச் செயலியில் முழு மஞ்சளின் மேல் முழு நீலத்தை 50 சதவீதம் ஒளிபுகும்படி பூசுங்கள். பச்சை வராது, சாம்பல் வரும். மஞ்சள் என்றால் 255, 255, 0. நீலம் என்றால் 0, 0, 255. சராசரி எடுத்தால் மூன்றுமே ஏறக்குறைய 128, அதாவது நடுச் சாம்பல். குழாய் வண்ணத்தில் நிறமிகளே பச்சையைக் கொண்டுவந்து தரும். திரையில் ஒவ்வொரு இடைநிறத்தையும் ஓவியர் தன் கண்ணால் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கவிட்டால் நடுவில் அழுக்கான இருண்ட பட்டை விழும். அதையும் கையால்தான் சரிசெய்ய வேண்டும். ரெபெல் போன்ற சில செயலிகள் இப்போது நிறமிக் கலவையைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. ஆனால் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான டிஜிட்டல் ஓவியங்கள் அந்த வசதி இல்லாமல் தீட்டப்பட்டவை.

இது நேற்று முளைத்த கலையும் இல்லை. 1973-லேயே அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஷூப் 'சூப்பர்பெயின்ட்' என்ற ஓவிய அமைப்பை இயக்கிக் காட்டினார். 1981-இல் தொலைக்காட்சி நிறுவனங்களுக்காக 'குவான்டெல் பெயின்ட்பாக்ஸ்' என்ற ஓவியக் கணினி வந்தது. 1985-இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் நியூயார்க் மேடையில் அமிகா கணினியில் உருவப்படம் தீட்டினார். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2010-இல் ஐபேட் வந்ததும் அதை எடுத்துக்கொண்டார். கிழக்கு யார்க்‌ஷயரின் வோல்ட்கேட் சாலையில் 2011-ஆம் ஆண்டு வசந்தம் வரும் விதத்தை வரிசையாகத் தீட்டினார்; 2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் அவற்றில் 51 ஓவியங்கள் பெரிய அச்சுகளாகத் தொங்கின. கூடவே 32 கேன்வாஸ்களைச் சேர்த்த ஓர் எண்ணெய் ஓவியமும் இருந்தது. அந்த ஐபேட் ஓவியங்களைப் பார்க்க வாய்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். வழவழப்பாக்கும் முயற்சியே இல்லை. புல்லுக்கு ஒரு வகைத் தடம், சேற்றுக்கு ஒன்று, மொட்டு விடும் கிளைக்கு ஒன்று என்று தடங்களின் அகராதி ஒன்றையே வைத்திருக்கிறார். கண்ணாடித் திரையில் தீட்டியது என்பதை மறைக்கவும் இல்லை.

கேள்வி: சிலரது உருவ ஓவியங்களில் தோல் பிளாஸ்டிக் பொம்மைபோல் இருக்கிறதே, ஏன்?

பதில்: மூன்று காரணங்கள் சேர்ந்து வரும். பெரிய மென்மையான ஏர்பிரஷால் எல்லாவற்றையும் கலப்பது முதல் காரணம். நெற்றி, கன்னம், மூக்கு ஆகியவற்றின் தளங்கள் திரும்பும் இடங்களெல்லாம் அழிந்து முகம் உருளையாகிவிடுகிறது. நல்ல ஓவியர் முதலில் தளங்களைக் கடினமாக வெட்டி வைத்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் இளக்குவார்.

இரண்டாவது, நிழலுக்குத் தோல் நிறத்தோடு கருப்பைச் சேர்ப்பது. தோலுக்குள் ஒளி புகுந்து சிதறி வெளிவருகிறது. அதனால் வெளிச்சம் நிழலாக மாறும் எல்லையில் சிவப்பு கூடும். காது மடலுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் மடல் செக்கச்செவேலென்று ஒளிரும். அந்த எல்லையில் செறிவு கூடுகிறதா, சாம்பல் தட்டுகிறதா என்று பாருங்கள். சாம்பல் தட்டினால் முகத்தில் உயிர் இருக்காது.

மூன்றாவது, வெள்ளைப் பளபளப்பை மூக்கு நுனி, உதடு, கன்னம், நெற்றி என்று ஒரே அளவில் வைப்பது. எண்ணெய்ப் பசை உள்ள மூக்கு நுனியில் பளபளப்பு சிறிதாகவும் கூர்மையாகவும் இருக்கும். கன்னத்தில் அகலமாகவும் மங்கலாகவும் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் எல்லாம் ஒரே பொருளால் செய்ததாகத் தெரியும். இதோடு கடைசியில் 'ஓவர்லே' என்ற கலப்பு முறை வைத்த லேயரில் ஆரஞ்சு ஒளியைப் பரப்பிவிட்டால் வேலை கெட்டுவிடும். முதல் பார்வைக்குக் கவரும், கருப்பு வெள்ளையில் திட்டுகள் குலைந்திருப்பது தெரியும்.

கேள்வி: தீட்டும் வேலையை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோக்களை ஓவியர்கள் வெளியிடுகிறார்களே, அவற்றில் எதைக் கவனிக்கலாம்?

பதில்: முதல் பத்தில் ஒரு பங்கை மெதுவாக ஓடவிடுங்கள், படத்தின் தலையெழுத்து அங்கேதான் முடிவாகிறது. படம் திடீரென்று இடம் வலமாகத் திரும்பும்போது நிறுத்துங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணலைப் பிடிக்க ஓவியர்கள் செய்வது அது. திரும்பியவுடன் எதைத் திருத்துகிறார் என்று பாருங்கள். நன்றாக இருந்த ஒரு பகுதியை முழுதாக அழிக்கும் இடம் வந்தால் பின்னோக்கி ஓட்டி, அது ஏன் போனது என்று யோசியுங்கள். பெரும்பாலும் முக்கியமான இடத்தோடு போட்டி போட்டதால் போயிருக்கும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்தைக் கையால் தீட்டியதிலிருந்து பிரித்தறிவது எப்படி?

பதில்: முடிந்த படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. விரல்களை எண்ணும் உத்தி பழசாகிவிட்டது. காரண காரியம் தொடர்கிறதா என்று பார்ப்பது இப்போதும் ஓரளவு உதவும். தோள்பட்டை வார் எங்கே தொடங்கி எங்கே இணைகிறது? கழுத்து மாலை முடிக்கு அடியில் போய் மறுபக்கம் அதே தடிமனில் வெளிவருகிறதா? நிழல்கள் ஒரே விளக்கைச் சுட்டுகின்றனவா? ஆனால் மனிதரும் இங்கே தவறலாம்.

வலுவான ஆதாரம் வேலையின் தடயங்கள்தான். லேயர்கள் உள்ள கோப்பு, தொடக்கக் கோட்டு ஓவியங்கள், கைவிட்ட வேறு அமைப்புகள், ஆண்டுக்கணக்கில் ஒரே கை வளர்ந்து வந்த தொகுப்பு ஆகியவை அதில் சேரும். சந்தேகம் இருந்தால் ஓவியரிடம் தனியாக மரியாதையோடு கேளுங்கள். பொதுவெளியில் குற்றம்சாட்டிவிட்டால், பிறகு அவர் கோப்பைக் காட்டினாலும் அவர் பெயருக்கு நேர்ந்த சேதத்தை மீட்க முடியாது.

கேள்வி: பிடித்த ஓவியத்தின் அச்சுப்பிரதி வாங்க விரும்புகிறேன். எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: முதலில் கோப்பின் பிக்சல் அளவு. கையருகே வைத்துப் பார்க்க அங்குலத்துக்கு 300 பிக்சல் நல்லது. 3,600க்கு 5,400 பிக்சல் உள்ள கோப்பு அந்தக் கணக்கில் 12க்கு 18 அங்குலம் வரும். சுவரில் மாட்டி ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதாக இருந்தால் 150 பிக்சலே போதும். அதே கோப்பு 24க்கு 36 அங்குலம் ஆகும். கோப்பு சிறியது, அச்சு பெரியது என்றால் எப்படிப் பெரிதாக்கினார்கள் என்று கேளுங்கள். மென்பொருள் வலுக்கட்டாயமாகக் கூர்மையாக்கினால் ஓவியர் கரையவிட்ட விளிம்புகளைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் முளைத்துவிடும்.

அடுத்து மையும் தாளும். நிறமி மை சாய மையைவிட வெகுகாலம் மங்காமல் இருக்கும். தாள் அமிலமற்ற பருத்தித் தாளாக இருந்தால் மஞ்சளாவது குறையும். பளபளப்பில்லாத மேட் தாளில் கருப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். இருள் சூழ்ந்த ஓவியத்துக்குச் சற்றே பளபளப்புள்ள பரைட்டா தாள் பொருந்தும், தடங்கள் துலங்கும் பகல் காட்சிக்கு மேட் அழகு.

நிறம் மாறுவதையும் எதிர்பார்த்து வாங்குங்கள். திரை ஒளியை உமிழ்கிறது, தாள் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மின்னும் பச்சையும் பளிச்சென்ற நீலமும் அச்சு மையின் எல்லைக்கு வெளியே இருப்பவை. கட்டாயம் அடங்கி வரும். அதிக வெளிச்சத்தில் வைத்த திரையில் தீட்டிய ஓவியம் தாளில் இருண்டுபோகும். பொறுப்பான ஓவியர் அச்சுக்கென்று தனிக் கோப்பு தயாரித்து, நிழல்களைச் சற்றுத் தூக்கி, சின்னத் துண்டு ஒன்றைச் சோதனையாக அடித்துப் பார்த்திருப்பார். 'சோதனை அச்சு பார்த்தீர்களா' என்ற ஒரு கேள்வியே பலவற்றைச் சொல்லிவிடும்.

வரையறுத்த பதிப்பு என்றால் 3/25 (25 பிரதிகளில் மூன்றாவது) என்பதுபோல் எண்ணும் கையெழுத்தும் இருக்கும். அந்த 25 ஒரே அளவுக்கு மட்டுமா, எல்லா அளவுக்கும் சேர்த்தா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டமிடும்போது கண்ணாடி அச்சைத் தொடாதபடி நடுவில் அமிலமற்ற மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. நேர் வெயில் படும் சுவர் வேண்டாம்.

கேள்வி: அச்சை வாங்கிவிட்டால் அதைப் படமெடுத்து என் நிறுவன அட்டையில் போடலாமா? போன் திரைக்கு வைத்துக்கொள்வது?

பதில்: அச்சு உங்களுடையது, பதிப்புரிமை ஓவியருடையது. தனியாக எழுதிக் கொடுக்காத வரை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது; உரிமம் கேட்டு, எந்தப் பயன்பாடு, எவ்வளவு காலம் என்று குறித்துக்கொண்டு தொகை பேச வேண்டும். போன் திரைக்கு ஓவியரே கோப்பு தருகிறாரா என்று பாருங்கள், பலர் தருகிறார்கள். மற்றவர்களோடு பகிரும்போது படத்தை இறக்கி மறுபடி ஏற்றுவதைவிட அவருடைய பதிவையே பகிர்வது மேல். பெயரும் கூடவே போகும், கோப்பு இன்னொரு தடவை ஜேபெக்கில் நசுங்காது. ஓரத்தில் இருக்கும் கையெழுத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள்.